ஒன்பது நாள் தாமதமாக ஆறிய புண்

1995இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும். 13 பெண்களின் முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலில் துளை போட்டுவிட்டு, அது ஆறும்வரை காத்திருந்தார்கள். அவ்வப்போது படம் எடுத்தார்கள். புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பார்த்தார்கள். நுரைத்தால் இன்னும் ஆறவில்லை, நுரைக்காவிட்டால் ஆறிவிட்டது. அந்த 13 பேரும் டிமென்ஷியா என்ற மறதிநோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஏறக்குறைய அதே வயதும் அதே வருமானமும் உள்ள, அந்தப் பொறுப்பு இல்லாத இன்னொரு 13 பெண்களுக்கும் அதே துளை போடப்பட்டது. இவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் புண் ஆறியது. பராமரிப்பாளர்களுக்கு 48 நாள் தாண்டிவிட்டது. ஒன்பது நாள் வித்தியாசம்.

ஏன் என்று தேடியபோது இரத்தத்தில் ஒரு தடயம் கிடைத்தது. புண் ஆறுவதற்கு முதலில் கொஞ்சம் அழற்சி வேண்டும். அந்த இடம் சிவந்து, சூடேறி, வெள்ளணுக்கள் வந்து குப்பையை அகற்றினால்தான் புதுத் தோல் வளரத் தொடங்கும். அதைத் தூண்டிவிடும் புரதங்களில் ஒன்று இன்டர்லூகின்-1. பராமரிப்பாளர்களின் வெள்ளணுக்கள் அதைக் குறைவாகவே தயாரித்தன. மன உளைச்சல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிக்கும்போது அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்டிசோல் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தாறுமாறாக்கிவிடும் என்பது இந்தத் துறையில் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. 13 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அடுத்த ஆண்டே அதே குழு, டிமென்ஷியா வந்த கணவனையோ மனைவியையோ கவனித்துக்கொள்ளும் முதியவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டுப் பார்த்தது. அவர்கள் உடலில் தடுப்பூசியும் சரியாக ‘எடுக்கவில்லை’.

அதே 1995இல்தான் சிங்கப்பூர் நாடாளுமன்றம் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நியமன உறுப்பினராக இருந்த சட்டப் பேராசிரியர் வால்டர் வூன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது அது. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டு வழக்குப் போடலாம் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டத்தால் பேச முடிந்தது வெள்ளிக் கணக்கைப் பற்றி மட்டுமே. இராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஈரமான படுக்கை விரிப்பை மாற்றுகிறவரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது அந்த வருடம் லான்செட்டில்தான் இருந்தது.

சிங்கப்பூரில் அப்படி எத்தனை பேர் எழுந்துகொண்டிருக்கிறார்கள்? மனநலக் கழகம் 2013இல் நடத்திய நாடளாவிய ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு டிமென்ஷியா இருப்பதாகக் கண்டது. பத்தாண்டு கழித்து அதையே மீண்டும் செய்தபோது விகிதம் 8.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அதைவிட நல்ல செய்தி, நோய் இருந்தும் கண்டுபிடிக்கப்படாதவர்களின் பங்கு 70.6 விழுக்காட்டிலிருந்து 51.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆனாலும் பாதிப் பேர் வீட்டில் இது இன்னும் ‘வயசாயிடுச்சுல்ல, அதான்’ என்ற பெயரில்தான் குடியிருக்கிறது. விகிதம் குறைந்தாலும் தலைக்கணக்கு ஏறிக்கொண்டுதான் போகும். 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார்.

தேக்கா சந்தையில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள், இந்த நோயின் இரண்டு பக்கமும் தெரியும். மகளோடு வரும் ஒரு முதிய அம்மா கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து, காம்பைப் பார்த்து, கட்டைவிரலால் லேசாக அழுத்தி, சொத்தையைத் தள்ளிவிட்டு நல்லதைப் பொறுக்குகிறார். ஒரு தவறும் இல்லை. இரண்டு கடை தள்ளிப் போனதும், ‘கத்தரிக்காய் வாங்கணுமே’ என்கிறார். பை மகள் கையில் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு முன் நடந்ததைப் பதிந்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதியை, டிமென்ஷியா வகைகளில் ஒன்றான அல்சைமர் நோய் முதலில் தாக்குகிறது. ஐம்பது வருடமாகக் கை பழகிய வேலைகள் வேறு இடத்தில், மூளையின் அடியிலுள்ள முடிச்சுகளில் இருக்கின்றன. அவை வெகுநாள் தாங்கும். அதனால்தான் பார்க்க வரும் உறவினர், ‘அத்தை நல்லாத்தானே இருக்காங்க, நீ ஏன் இவ்வளவு சோர்ந்து போயிருக்கே’ என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவர் பார்த்தது கத்தரிக்காயை. மகள் வாழ்வது அந்த இரண்டாவது கடையில்.

சாயங்காலம் ஆனால் கதை வேறு. டிமென்ஷியா உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும்போது பதற்றம் ஏறும். நடைபோடுவார்கள், கதவைத் தட்டுவார்கள், இருக்கும் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு ‘வீட்டுக்குப் போகணும்’ என்பார்கள். அந்த வீடு இந்த வீவக புளோக் இல்லை. அது 1960களின் செம்பவாங் கடற்படைத்தளக் குடியிருப்பாக இருக்கலாம், தஞ்சோங் பகார் துறைமுகத் தொழிலாளர் வரிசையாக இருக்கலாம், தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீடாகவும் இருக்கலாம். காரணம் மூளைக்குள்தான். பகலையும் இரவையும் உடலுக்கு எடுத்துச் சொல்லும் சிறு நரம்பணுக் கொத்து ஒன்று ஹைப்போதலாமஸில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே இருக்கிறது. அல்சைமரில் அதுவும் தேய்கிறது. உடற்கடிகாரம் தளரும்போது விழிப்பும் உறக்கமும் கலந்துவிடுகின்றன. குளிர்நாடுகளில் மாலை நான்கு மணிக்கே இருட்டும் மாதங்களில் இந்தத் தொல்லை கூடும் என்று அங்குள்ளவர்கள் சொல்வதுண்டு. பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் சிங்கப்பூரில் அந்த ஏற்ற இறக்கமும் கிடையாது. வருடம் முழுவதும் சூரியன் ஏழு மணிச் சுமாருக்கு மறைகிறது. ஏறக்குறைய அரை மணி நேரம்தான் வித்தியாசம். பராமரிப்பாளர் வேலையிலிருந்து எம்ஆர்டியில் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் நேரமும் அதுதான்.

பராமரிப்பாளருக்கு இரவு போனால் என்ன போகிறது? 2019இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தினர் 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். டிமென்ஷியா நோயாளிகளைக் கவனிப்பவர்கள் மற்றவர்களைவிட வாரத்துக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை மணி நேரம் வரை குறைவாகத் தூங்குகிறார்கள். எண் சிறியதாகத் தோன்றும். ஆனால் இது சராசரி, அதுவும் வருடக்கணக்கில். மேலும், தூங்கும் நேரத்தில்கூட ஒரு காது வாசற்கதவின் பக்கம் இருந்தால் ஆழ்ந்த உறக்கம் வருவதில்லை. மன அழுத்த ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பத் தெரியவரும் விஷயம் ஒன்று உண்டு. எப்போது வரும் என்று தெரியாத தொல்லையும், நம் கையில் கட்டுப்பாடு இல்லாத தொல்லையும்தான் உடலை அதிகம் அரிக்கின்றன. கடுமையான வேலையாக இருந்தாலும் எட்டு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும் என்று தெரிந்தால் கார்டிசோல் ஏறி இறங்கும். இங்கே இறங்குவதற்கு மணி அடிப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும். 1999இல் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் இருவரும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. துணையைக் கவனித்துக்கொள்வதால் மன இறுக்கத்துக்கு ஆளாகியிருந்த முதியவர்கள், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு 63 விழுக்காடு அதிகம் என்றது அது. பராமரிப்பு ஆளைக் கொன்றுவிடும் என்றே பலரும் அதைப் படித்தார்கள். 2013இல் டேவிட் ராத் குழு இன்னும் பெரிய ஆய்வை வெளியிட்டது. 3,500க்கும் அதிகமான பராமரிப்பாளர்களை அதே மாதிரியான மற்றவர்களோடு பொருத்தி ஆறு ஆண்டுகள் பார்த்தால், பராமரிப்பாளர்களின் இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைவாக இருந்தது! இரண்டும் சரிதான் என்று நினைக்கிறேன். முதல் ஆய்விலேயே ஒரு வரி கவனிக்கப்படாமல் போயிற்று: கவனித்துக்கொண்டும் இறுக்கம் இல்லை என்று சொன்னவர்களுக்கு அந்த ஆபத்து கூடவில்லை. ஒருவரைக் கவனித்துக்கொள்வது உடலுக்கு நஞ்சில்லை. ஓடியாடுகிறோம், நம்மை நம்பி ஒருவர் இருக்கிறார் என்பதெல்லாம் ஆயுளுக்கு நல்லதாகவும் இருக்கலாம். இடைவெளியே இல்லாத கவனிப்புதான் அரிக்கிறது.

அப்படியானால் இடைவெளி கொடுத்தால் சரியாகிவிட வேண்டுமே? ஓய்வுப் பராமரிப்பு என்ற ஏற்பாட்டின் பின்னாலுள்ள எண்ணம் அதுதான். சில மணி நேரமோ, ஓர் இரவோ, சில வாரமோ வேறொருவர் பொறுப்பேற்றுக்கொள்வார். குடும்பத்தவர் மூச்சு விடலாம். ஆனால் விஞ்ஞானம் இந்த எளிய எண்ணத்துக்கு எளிதாகத் தலையாட்டவில்லை. 2014இல் காக்ரேன் அமைப்பு உலகம் முழுதும் நடந்த சோதனைகளைச் சல்லடை போட்டுச் சலித்தது. தரத்தில் தேறியவை நான்கே சோதனைகள், மொத்தம் 753 பேர். ஓய்வுப் பராமரிப்பால் பராமரிப்பாளருக்கு நன்மை என்று காட்டவும் முடியவில்லை, தீமை என்று காட்டவும் முடியவில்லை. தரமான ஆய்வே போதவில்லை என்று முடித்தார்கள். செலவைக் குறைக்க நினைக்கும் அதிகாரி இந்த ஒரு வரியைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளலாம். நான் அதற்கு முன் ஸ்டீவன் ஸாரிட்டின் ஆய்வுகளைப் படிக்கச் சொல்வேன்.

பராமரிப்பாளரின் சுமையை அளக்க உலகெங்கும் பயன்படும் கேள்வித்தாள் ஸாரிட்டின் பெயரில்தான் இருக்கிறது. 1980இல் தொடங்கியது, இன்று 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். உங்களுக்கென்று நேரம் இல்லை என்று தோன்றுகிறதா, அவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்றெல்லாம் கேட்கும். சிங்கப்பூரிலும் சோதித்து, இங்கும் செல்லும் என்று 2010இல் உறுதி செய்திருக்கிறார்கள். ஸாரிட் 1998இல் நியூ ஜெர்சியில் செய்த ஆய்வில், பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தை வாரத்துக்கு இரண்டு நாளாவது, மூன்று மாதமாவது தொடர்ந்து பயன்படுத்தியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். அவர்களுக்குச் சுமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. ‘எப்போதாவது ஒரு நாள்’ என்று அனுப்பியவர்களையும் சேர்த்துக் கலக்கினால் இந்தப் பலன் கரைந்துவிடுகிறது. மருந்தை வாரத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதைப் போலத்தான்.

பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸாரிட் இன்னும் நெருங்கிப் போனார். ஒரே ஆளை, நோயாளி நிலையத்துக்குப் போகும் நாளிலும் வீட்டில் இருக்கும் நாளிலும் ஒப்பிட்டார். எட்டு நாள், தினமும் ஐந்து வேளை பராமரிப்பாளர்கள் உமிழ்நீர் மாதிரி எடுத்து வைத்தார்கள்: எழுந்ததும், அரை மணி கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும்போது. மாலையில் தொலைபேசியில் ஒருவர் அன்றைய நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நிலையத்துக்கு அனுப்பிய நாளில் பராமரிப்புத் தொல்லைகள் குறைந்தன, அது எதிர்பார்த்ததுதான். சுவாரசியமான விஷயம், அன்று வேலையிலும் மற்ற இடங்களிலும் வரும் தொல்லைகள் கூடின. வெளியே போனால் வெளித்தொல்லை வரத்தானே செய்யும்! இருந்தும் மனநிலை மேம்பட்டது. கார்டிசோலின் கடுமையை ஈடுகட்டும் என்று கருதப்படும் டிஎச்இஏ-எஸ் என்ற ஹார்மோன், நிலையத்துக்கு அனுப்பிய நாளுக்கு மறுநாள் கூடியிருந்தது. உடல் இடைவெளியைக் கவனித்து, மறுநாள் வரவு வைக்கிறது.

அப்படியும் சிலருக்குப் பலன் கிடைக்காததற்குக் காரணம் அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டேல் லண்ட், ரெபேக்கா உட்ஸ் முதலானோர் இதை மட்டும் தனியாக ஆராய்ந்தார்கள். ஓய்வு நேரத்தை எப்படிச் செலவிட நினைத்தார்களோ அப்படியே செலவிட்டவர்களுக்குத்தான் திருப்தியும் பலனும் வந்தன. மற்றவர்கள் தேங்கிய துணியைத் துவைத்து, கட்டணங்களைக் கட்டி, மருந்தகத்தில் வரிசையில் நின்று திரும்பினார்கள். நம் வீடுகளில் இது இன்னும் மோசம். அம்மாவை நிலையத்தில் விட்டுவிட்டு வந்த மகள் சோபாவில் உட்கார்ந்தால், உட்கார்ந்ததற்கே ஒரு விளக்கம் தயாராக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

‘உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவமனைச் சுவரொட்டிகள் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். யார் அம்மாவைப் பார்த்துக்கொள்வது என்பதற்குச் சுவரொட்டியில் பதில் இருப்பதில்லை. பதில் வேறு இடங்களில் இருக்கிறது. 1990இல் அல்சைமர் நோய்ச் சங்கமாகத் தொடங்கி 2021இல் ‘டிமென்ஷியா சிங்கப்பூர்’ ஆன அமைப்பு தோ பாயோ, புக்கிட் பாத்தோக், ஜூரோங், தெம்பனிஸ் வட்டாரங்களில் டிமென்ஷியாவுக்கென்றே பகல்நேர நிலையங்களை நடத்திவருகிறது. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பான ஏஐசி வழியாகப் போனால், வீட்டுக்கே வந்து சில மணி நேரம் துணையிருப்பவர், வாரயிறுதிப் பராமரிப்பு, தாதிமை இல்லத்தில் குறுகிய காலத் தங்கல் என்று பலவும் கிடைக்கும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் அரசாங்கக் கழிவும் உண்டு. மாலைப் பதற்றமும் இரவு விழிப்பும் உள்ளவர்களுக்கென்று சில தாதிமை இல்லங்கள் இரவுநேர ஓய்வுப் பராமரிப்பும் தருகின்றன. சாயங்காலம் கொண்டுபோய் விட்டு, காலையில் அழைத்துவரலாம். என்னைக் கேட்டால் இந்த நோயைப் புரிந்துகொண்டு வடிவமைத்த சேவை என்று இதைத்தான் சொல்வேன். எல்லா வட்டாரத்திலும் இது வர வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, வீட்டில் பராமரிப்பவர்களுக்கான மாதாந்திர மானியம் 2019 அக்டோபரில் 200 வெள்ளியாகத் தொடங்கி, 2023 மார்ச்சில் அதிகபட்சம் 400 வெள்ளி ஆனது. 2026 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 600 என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் தகுதிக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. குளித்தல், உடுத்தல், சாப்பிடுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றுக்காவது நிரந்தரமாக இன்னொருவர் உதவி வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு இந்த அளவுகோல் கச்சிதமாகப் பொருந்தும். நடுக்கட்ட டிமென்ஷியாவில் இருப்பவரோ இந்த ஆறையும் சமாளித்துக்கொண்டே, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து லிஃப்டில் இறங்கிப் போய்விடக்கூடியவர். அவருக்கு வேண்டியது உதவிக் கை மட்டுமில்லை, நாள் முழுதும் ஒரு கண். கண்ணின் உழைப்பு அந்த ஆறில் எளிதில் அகப்படாது.

அந்தக் கண் பல வீடுகளில் பணிப்பெண்ணுடையது. 2010, 2011 ஆண்டுகளில் சிங்கப்பூரில் எடுத்த கணக்கெடுப்பில், முதியவர்களைக் கவனிக்கும் குடும்பங்களில் ஏறக்குறைய பாதிக்கு இல்லப் பணிப்பெண்ணின் உதவி இருந்தது. டிமென்ஷியாவைப் பற்றி ஒரு மணி நேரம்கூடப் பயிற்சி பெறாத ஒரு பெண், தனக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில், ‘நீ யாரு, என் வீட்டுல என்ன பண்றே’ என்று ஒரு பாட்டி தினமும் கேட்பதை எதிர்கொள்கிறார். பணம் திருடியதாகப் பழியும் சில நாள் விழும். அந்தச் சந்தேகம் நோயின் குணம் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 2013 ஜனவரி முதல் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று விதி வந்தது. அதற்குப் பதில் கூடுதல் சம்பளம் கொடுத்து வேலை வாங்கிக்கொண்டவர்கள் நிறைய. அதனால் 2023 ஜனவரி முதல், மாதத்துக்கு ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்ட முடியாது என்று இறுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே போகும் அந்த நாள், வீட்டிலிருக்கும் மகளுக்கு வாரத்திலேயே கடினமான நாள். பணிப்பெண்ணின் ஓய்வைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது, அது நியாயம். மகளின் ஓய்வை எந்தத் தாளிலும் எழுதவில்லை.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதற்கு மேலும் ஒரு முடிச்சு உண்டு. பின்னாளில் கற்ற மொழி டிமென்ஷியாவில் பெரும்பாலும் முதலில் நழுவும். குழந்தைப் பருவத்தில் பேசியது கடைசிவரை ஒட்டிக்கொள்ளும். வேலையிடத்தில் நாற்பது வருடம் ஆங்கிலம் பேசிய தாத்தா மெல்ல மெல்லத் தமிழுக்கும், சந்தையில் பழகிய பசார் மலாய்க்கும் திரும்பிவிடுகிறார். நிலையத்திலோ கூடத்தில் ஹொக்கியன் பாட்டு ஓடும், மதியம் கஞ்சி வரும், ஊழியர் பிலிப்பீன்ஸிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்திருப்பார். ‘அம்மா அங்கே போனால் யாரிடமும் பேசமாட்டார்’ என்று குடும்பம் தயங்குவது வெறும் சாக்கு இல்லை. ஆனால் பசார் மலாய் தெரிந்த தலைமுறை ஒன்று இந்த விஷயத்தில் நம்மை வியக்கவைக்கும். சீனப் பாட்டியும் தமிழ்ப் பாட்டியும் அதில் சாப்பாட்டு விலையைப் பேசித் தீர்ப்பார்கள். சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலைத் தாண்டிப் போனால் வரும் குவோங் வாய் ஷியூ மருத்துவமனை, கான்டனீஸ் சமூகத்தார் 1910இல் ஏழைகளுக்காகத் தொடங்கியது. இன்று இனம் பாராமல் தாதிமை இல்லமும் பகல்நேரப் பராமரிப்பும் நடத்துகிறது. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ நாராயண மிஷன், கேரள வேர் கொண்டதென்றாலும் ஈசூனில் எல்லா இனத்தாருக்குமான தாதிமை இல்லத்தை நடத்துகிறது. லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கப் போகும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இவை சொந்தத் தேவைக்கானவை என்று தோன்றியிருக்கும்?

தோன்றாததற்குக் காரணம் தகவல் இல்லாதது மட்டுமில்லை. ‘பெத்தவளை ஹோமில் தள்ளிட்டா’ என்ற பேச்சுக்குப் பயம். இரண்டு வாரத் தங்கலும் நிரந்தரமாகத் தள்ளிவிடுவதும் அந்தப் பேச்சில் ஒன்றாகிவிடுகின்றன. உண்மையில் கணக்கு எதிர்த்திசையில் போகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் நடத்திய நீண்ட ஆய்வில், துணையைக் கவனித்துக்கொண்டிருந்த 406 பேரில் ஒரு பாதிக்குக் குடும்ப ஆலோசனையும் தொடர்ந்த ஆதரவும் கிடைத்தன. அவர்கள் நோயாளியைத் தாதிமை இல்லத்துக்கு அனுப்புவது சுமார் 557 நாள் தள்ளிப்போனது. உதவி வாங்கியவர்கள்தான் ஒன்றரை வருடம் கூடுதலாக வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். லண்டனில் கில் லிவிங்ஸ்டன் குழு, உளவியல் பட்டதாரிகளைக் கொண்டு எட்டே அமர்வுகளில் பராமரிப்பாளர்களுக்குச் சமாளிக்கும் வழிகளைச் சொல்லிக்கொடுத்தது. மனச்சோர்வு குறைந்ததோடு அந்தப் பலன் ஆறு ஆண்டுகள் நீடித்தது. சிங்கப்பூரில் பராமரிப்பாளர்களே பராமரிப்பாளர்களுக்கு வகுப்பெடுக்கும் கேர்கிவர்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பு 2011இலிருந்து இயங்குகிறது, கட்டணமில்லாமல்.

சுமையை மட்டுமே அளந்தால் பாதிக் கதைதான் என்று நினைத்தவர் கூ டெக் புவாட் மருத்துவமனையின் முதியோர் மருத்துவர் பிலிப் யாப். டிமென்ஷியா நோயாளியைக் கவனித்ததால் என்ன பெற்றீர்கள் என்று கேட்கும் பத்துக் கேள்விகளை அவர் குழு சிங்கப்பூரிலேயே உருவாக்கியது. பொறுமை கூடியதா, குடும்பம் நெருங்கியதா என்பன போன்ற கேள்விகள். பெற்றதும் சுமந்ததும் ஒன்றையொன்று ஈடுகட்டும் தராசுத் தட்டுகளாக இயங்குவதில்லை. ஒருவருக்கு இரண்டுமே ஒரே சமயத்தில் உச்சத்தில் இருக்கலாம். ‘அம்மாவைப் பார்த்துக்கொண்டது என் பாக்கியம்’ என்று சொல்லும் மகளுக்கும் புண் ஒன்பது நாள் தாமதமாகத்தான் ஆறும்.

நடைமுறைக்கு வந்தால், பெரும்பாலான குடும்பங்கள் ஓய்வுப் பராமரிப்பைத் தேடுவது பராமரிப்பாளர் மருத்துவமனையில் படுத்த பிறகுதான். அதுதான் மிக மோசமான நேரம். விண்ணப்பம், வருமானச் சோதனை, நோயாளியை நிலையத்தார் வந்து பார்ப்பது எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். அதனால்தான் 2019இல் சுகாதார அமைச்சு பராமரிப்பாளர் ஆதரவுத் திட்டத்தை அறிவித்தபோது, தேவை வருவதற்கு முன்பே பதிந்து வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் சேர்த்தது. நோய் உறுதியான முதல் வருடத்திலேயே, அம்மா இன்னும் சிரித்துப் பேசி புது இடத்துக்குப் பழகக்கூடிய நிலையில் இருக்கும்போதே, பதிந்துவிடுவது நல்லது. முதல் இரண்டு மூன்று வாரம் அழுவார், வரமாட்டேன் என்பார். அதைப் பார்த்து நிறுத்திவிடுபவர்கள் நிறைய. காலையில் ஒரே நேரம், ஒரே பை, கொண்டுவிடுவதும் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டால் பலருக்கு இடம் பிடிபடும். அலுவலகத்திலும் முன்கூட்டியே பேசிவிடலாம். 2024 டிசம்பர் முதல், நீக்குப்போக்கான வேலை நேரம் கேட்கும் ஊழியரின் விண்ணப்பத்தை முதலாளி முறைப்படி பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும்.

நிலையத்துக்கு முதல் நாள் போகும்போது மருந்துப் பட்டியலோடு இன்னொரு தாளும் கொடுத்து அனுப்புங்கள். வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் (ஊழியர்கள் எல்லாரையும் ஆன்ட்டி என்றுதான் அழைப்பார்கள், சிலர் அதற்குத் திரும்பவே மாட்டார்கள்). வெள்ளிக்கிழமை சைவமா. கை கழுவிய பிறகுதான் சாப்பிடுவாரா. தண்ணீர் வேண்டும், வயிறு வலிக்கிறது, கழிவறை போக வேண்டும் என்பதற்கெல்லாம் அவர் சொல்லும் தமிழ்ச் சொற்கள், பக்கத்தில் ஆங்கில எழுத்தில் உச்சரிப்போடு. ஒலி 96.8 வைத்தால் அமைதியாவாரா, எந்தக் காலத்துப் பாட்டு. ஐந்து மணிக்கு மேல் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று எழுந்தால் எந்த ஊர், எந்த வீடு, அங்கே யார் இருந்தார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். மியன்மார்க்காரத் தாதியால் அந்த வீட்டைப் பற்றி இரண்டு கேள்வி கேட்க முடிந்தால், வேன் வரும்வரை பேச்சு ஓடும்.